1701க்கும் 1704க்கும் நடுவே ஒரு டொபி

இலங்கைச் சுங்கத்தின் தீர்வைப் பட்டியலில் 17ஆம் அத்தியாயம் மிகச் சிறியது. நான்கே தலைப்புகள். 1701 சீனி. 1702 குளுக்கோஸ் முதலான பிற சர்க்கரைகளும் பாகுகளும். 1703 சீனி எடுத்த பின் எஞ்சும் கழிவுப்பாகு. 1704 கொக்கோ சேராத இனிப்பு வகைகள். கடைப் போத்தலுக்குள் கிடக்கும் டொபியும் பெட்டிக்கடைச் சுவரில் சரமாகத் தொங்கும் இனிப்புப் பைக்கற்றும் இந்தக் கடைசித் தலைப்புக்குள் அடங்கும். இலக்கங்கள் என்னவோ 1988இல் உலகளவில் நடைமுறைக்கு வந்தவைதாம். சீனிக்கு ஒரு கணக்கு, சீனியில் செய்த பண்டத்துக்கு வேறு கணக்கு என்ற பிரிவினை அதைவிட மிகப் பழையது. இலங்கையின் டொபி வியாபாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக இரண்டு காலங்களைப் பிரித்துக் காட்டுவார்கள்: வெள்ளைக்காரர் காலத்து இறக்குமதி டொபி, சுதந்திரத்துக்குப் பிந்திய உள்ளூர் டொபி. 1977க்குப் பிறகு மூன்றாவதாக ஒரு காலத்தையும் சேர்த்து, இறக்குமதி திரும்பி வந்தது என்பார்கள். கேட்க ஒழுங்கான கதை. ஆனால் நாட்டுக்குத் தேவையான சீனியில் சுமார் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தட்டுத்தடுமாறி உற்பத்தி செய்யும் ஒரு தீவில், டொபி எந்தக் காலத்திலும் கப்பலில் வராமல் இருந்ததில்லை. சில காலங்களில் அது தகரப் பெட்டிக்குள் டொபியாகவே வந்தது. வேறு சில காலங்களில் சாக்கு மூட்டைக்குள் சீனியாக வந்தது. எப்போது எந்த உருவில் வந்தது என்பதை நாக்கு தீர்மானிக்கவில்லை. 1701இன் மேல் அரசு வைத்த சுமைக்கும் 1704இன் மேல் வைத்த சுமைக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்தது என்பதே தீர்மானித்தது. இந்தக் கட்டுரையின் வாதம் அதுதான்.

முதலில் பண்டத்தைப் பார்ப்போம். சீனியையும் குளுக்கோஸ் பாகையும் தண்ணீரில் கரைத்து 150 பாகை செல்சியஸ் அளவுக்குக் கொதிக்க வைத்தால் தண்ணீரெல்லாம் ஆவியாகி நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் மிஞ்சும். அந்தக் குழம்பை எண்ணெய் தடவிய கல்லிலோ இரும்புப் பலகையிலோ ஊற்றி, நிறமும் வாசனையும் புளிப்பும் சேர்த்துப் பிசைந்து, கை பொறுக்கும் சூட்டில் உருளைக்குள் விட்டால் டொபி டொபியாக விழும். ஆறியதும் கண்ணாடிபோல் இறுகிவிடும். கெட்டுப்போக அதில் தண்ணீர் இல்லை, உருகிப்போகக் கொழுப்பு இல்லை. குளிர்பெட்டி கேட்காது, இரண்டு வருடம் தாங்கும், எடைக்கு எடை விலை மலிவு. தூர தேசத்துக்கு ஏற்றுவதற்கு இதைவிட வசதியான தின்பண்டம் அரிது. அதற்கு ஒரே ஒரு பகை ஈரக்காற்று. கொழும்பின் காற்றில் மூடாமல் வைத்த டொபி ஒரு நாளிலேயே பிசுபிசுக்கும். சில நாளில் தாள் அதன் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இன்னும் சில நாளில் பளபளப்புப் போய், மேற்புறம் மாவு பூத்து, உள்ளே மறுபடி சீனியாக மணல் கட்டும். குளுக்கோஸ் பாகு சேர்ப்பது இந்த மணல் கட்டுவதைத் தடுக்கத்தான். அது கிடைக்காத சிறு பட்டறைக்காரர்கள் சிட்ரிக் அமிலமோ எலுமிச்சம் புளியோ விட்டுக் காய்ச்சிச் சமாளித்தார்கள். அப்படிச் செய்த டொபி இன்னும் விரைவாக ஈரம் இழுக்கும். ஆகவே இந்த நாட்டில் டொபி விற்பது பாதிக்குமேல் உறை விற்பதுதான். பண்டத்தைவிட அதைச் சுற்றிய தகரமும் தாளும் அரிதாக இருந்த காலம் நெடியது.

பிரித்தானியர் காலத்துத் தகர டின்கள் அதனால்தான் வந்தன. 1844இல் தொடங்கிய கார்கில்ஸ் போன்ற கோட்டைப் பகுதிக் கடைகள் பிஸ்கற், ஜாம், சீஸ் ஆகியவற்றோடு இங்கிலாந்தில் செய்த இனிப்பையும் காற்றுப்புகாத டின்களில் அடுக்கி வைத்தன. வாங்கியவர்கள் தோட்டத் துரைமார், அரச உத்தியோகத்தர், அவர்களைப் பார்த்து நடை உடை பழகிய உள்ளூர் மேட்டுக்குடியினர். ஊர்ப்புறப் பிள்ளைகளுக்கு எள்ளுருண்டையும் பல்லிமுட்டை இனிப்பும், வடக்கே பனங்கட்டியும் பனங்கற்கண்டும், தெற்கே கித்துள் கருப்பட்டியும் இருந்தன. அன்றைய சுங்க வரி அரசாங்கத்துக்கு வருமானம் தேடும் வரி; எந்த உள்ளூர்த் தொழிலையும் காப்பாற்ற அது போடப்படவில்லை. சீனியும் வரி கட்டி உள்ளே வந்தது, டொபியும் வரி கட்டி உள்ளே வந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு தொழிற்சாலையைக் கட்டும்படி யாரையும் அந்த வரி தூண்டவில்லை. 1927இல் ஈரம் புகாத செலோபேன் தாள் வந்த பிறகு நிலைமை மெல்ல மாறியது. டின் இல்லாமலே ஒவ்வொரு டொபியையும் தனித்தனியாக முறுக்கிச் சுற்றலாம், தனித்தனியாகவே விற்கலாம் என்றானது. சதக் காசு வைத்திருக்கும் பிள்ளை அப்போதுதான் இந்த வியாபாரத்துக்குள் வாடிக்கையாளராக நுழைகிறது. டின் வாங்குபவருக்கு ரூபா வேண்டும். இந்தப் பிள்ளைக்கு இரண்டு சதமும் சதுரமான ஐந்து சதமும் போதும்.

சந்தையின் சிறுமையை இந்த இடத்தில் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு டொபி 4 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 10 தொன் டொபியில் 25 இலட்சம் டொபிகள் இருக்கும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் சனத்தொகை சுமார் 2 கோடியே 3 இலட்சம். ஆக, கப்பலில் வரும் ஒரு கொள்கலனைக்கூட நிரப்பாத அந்தச் சரக்கை முடிக்க, நாட்டில் எட்டுப் பேருக்கு ஒருவர் வீதம் ஆளுக்கொன்று வாங்க வேண்டும். இவ்வளவு சிறிய சந்தைக்காக வெளிநாட்டு உற்பத்தியாளன் தனியே கிளை திறக்கமாட்டான். ஓர் இறக்குமதியாளரை ஏக முகவராக வைத்து ஒதுங்கிக்கொள்வான். அந்த முகவர் 25 இலட்சம் டொபியைத் தானே விற்க முடியாது. புறக்கோட்டை மொத்த வியாபாரியிடம் கடனுக்குக் கொடுப்பார். அவர் வெளியூர் வியாபாரிக்குக் கடன். அவரிடமிருந்து சந்திக் கடைக்குக் கடன். பணம் இதே வழியில் ஒவ்வொரு படியாகத் திரும்பி வர மாதங்கள் ஆகும். டொபி கெடாத பண்டம் என்பதன் உண்மையான பெறுமதி இங்கேதான் வெளிப்படுகிறது: அது கடனின் நீளத்தைத் தாங்கும். நான்காம் குறுக்குத் தெருவில் சீனி, பருப்பு, வெங்காயம், செத்தல் மிளகாய் மூட்டைகள் இறங்குவதும், அதற்குப் பக்கத்துத் தெருக்களில் இனிப்புப் பெட்டிகள் மொத்தமாகக் கைமாறுவதும் தற்செயல் அன்று. கடன் கொடுத்து வாங்கும் அதே வலையில்தான் இரண்டும் ஓடுகின்றன. சீனியின் விலை ஏறப்போகிறது என்று காலையில் வந்த செய்தி மாலைக்குள் டொபிக்காரரின் காதில் விழுந்துவிடும்.

1950களின் கொரிய யுத்தச் செழிப்பு கரைந்து, அந்நியச் செலாவணி கையிருப்பு வேகமாக வற்றியபோது, சிறிமாவோ பண்டாரநாயக்கவின் முதலாவது அரசாங்கம் 1960–61 காலத்தில் ஆடம்பரம், அவசியமற்றது என்று கருதிய நுகர்பொருள்களின் இறக்குமதியை வரிசையாகக் கட்டுப்படுத்தியது. 1969இன் முதலாம் இலக்க இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த அதிகாரத்தை நிரந்தரமாக்கியது. சீனி அத்தியாவசியம், இனிப்பு அவசியமற்றது. இந்த ஒரே முடிவு 1701க்கும் 1704க்கும் நடுவே ஒரு பெரும் பள்ளத்தைத் தோண்டியது. அந்தப் பள்ளத்துக்குள்தான் உள்ளூர் டொபித் தொழில் முளைத்தது. அதன் மிகப் பிரபலமான பெயர் டெல்டா. லீவர் பிரதர்ஸ் நிறுவனத்தில் பணியாற்றி விலகிய உபாலி விஜேவர்தன என்ற இளைஞர் 1960களில் டொபி செய்து தொடங்கினார். பின்னர் கண்டோஸ் சொக்கலேட்டும் வானொலிப் பெட்டியும் மோட்டார் வாகன ஒன்றிணைப்பும் அவருடைய குழுமத்துக்குள் வந்தன. மூடிய பொருளாதாரத்தின் நிழலில் வளர்ந்த இதே மனிதரைத்தான் 1978இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் பாரிய கொழும்பு பொருளாதார ஆணைக்குழுவின் முதலாவது தலைமைப் பணிப்பாளராக நியமித்து, கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தை அமைக்கச் சொன்னது. இறக்குமதித் தடையால் பிழைத்தவர் திறந்த வாசலுக்குக் காவல்காரரானார் என்று இதைக் கேலி செய்யலாம். எனக்கு அது முரணாகத் தெரியவில்லை. வாசல் எங்கே எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் கணக்கிட்டே தொழில் செய்த ஒருவருக்கு, வாசலைத் திறக்கும் வேலையும் தெரிந்தே இருந்திருக்கும். 1983 பெப்ரவரி 13 அன்று கோலாலம்பூரிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட அவருடைய சிறிய ஜெட் விமானம் காணாமற்போனது. கதை அங்கே வேறு திசைக்குப் போய்விடுகிறது.

உள்ளூர் டொபி அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்தியது என்பது அந்தக் கொள்கைக்கு அன்று சொல்லப்பட்ட நியாயம். எவ்வளவு மிச்சப்படுத்தியது என்று பார்ப்போம். டொபியின் எடையில் ஏறத்தாழ முழுவதும் சீனியும் குளுக்கோஸும், சீனி இறக்குமதி. குளுக்கோஸ், வாசனை, நிறம், சுற்றும் தாள், கொதிகலன், முறுக்கும் யந்திரம் என்று எண்ணிக்கொண்டு போனால் அவற்றிலும் பெரும்பகுதி இறக்குமதியே. மிச்சமானது கூலியும் எரிபொருளின் ஒரு பகுதியும் இலாபமும் மட்டும். இந்த மிச்சம் நிலையானதும் அல்ல. 1966 முதல் 1968 வரை உலகச் சந்தையில் ஓர் இறாத்தல் சீனி 2 அமெரிக்கச் சதத்தை ஒட்டியே கிடந்தது. அந்த விலையில் ஒரு டொபிக்குள் இருந்த வெளிநாட்டுப் பணம் சொற்பம். டொபியாக இறக்காமல் சீனியாக இறக்கியது உண்மையிலேயே இலாபம். 1974 நவம்பரில் அதே இறாத்தல் 65 சதத்தைத் தொட்டது. முப்பது மடங்குக்கு மேல். அப்போது டொபியின் விலையில் சீனியே பெரும் பங்கை விழுங்கிவிட்டது. அதைக் காய்ச்சி முறுக்குவதில் மிச்சமாகும் செலாவணி அந்தப் பங்கின் அருகில் நிற்கவே தகுதியற்றதாகிவிட்டது. ஒரே கொள்கை, ஒரே பட்டறை, ஒரே டொபி. இடையில் மாறியது 1701இன் உலக விலை மட்டும். அந்த ஆண்டுகளில் சீனி இறக்குமதி வெட்டப்பட்டு, சங்கக்கடையில் கூப்பனுக்கு அளந்து கொடுக்கப்பட்டது. தேநீருக்கே சீனி இல்லாத வீட்டில் டொபிக்குச் சீனி ஒதுக்குவதை எந்த அமைச்சராலும் மேடையில் நியாயப்படுத்த முடியாது. வெளிநாட்டு டொபியைத் தடுத்து வளர்க்கப்பட்ட தொழில், சீனிக் கோட்டாவுக்காகத் திணைக்களப் படிகளில் காத்துநின்றது. போட்டியாளனைத் துரத்திய அதே கை மூலப்பொருளையும் பிடித்து வைத்திருந்தது.

யாழ்ப்பாணத்து விவசாயியை நினைவில் வைத்திருப்பவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள், அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. 1970 முதல் 1977 வரை சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் வெளியிலிருந்து வராமல் நின்றபோது வலிகாமத்துத் தோட்டக்காரர் கண்ட செழிப்பை அந்தத் தலைமுறை இன்னும் மறக்கவில்லை. கல்வீடு எழும்பியது, நீர் இறைக்கும் யந்திரம் வந்தது, 1977இல் வாசல் திறந்ததும் எல்லாம் சரிந்தது. இறக்குமதித் தடை உள்ளூர் உற்பத்தியை வளர்க்கும் என்பதற்கு இதைவிடக் கண்கண்ட சாட்சி வேண்டுமா? வேண்டாம். ஆனால் அந்தச் சாட்சி டொபிக்குப் பேசாது. வெங்காயத்தின் வேர் சிவந்த மண்ணில் இருந்தது. விதையும் உழைப்பும் கிணற்று நீரும் இந்த நாட்டுடையவை. டொபியின் வேர் கியூபாவிலோ இந்தியாவிலோ பிறேசிலிலோ இருந்தது. தடை வெங்காயத்தின் முழு விலையையும் நாட்டுக்குள் வைத்திருந்தது, டொபியின் விலையிலோ நுனியை மட்டும். கரும்பை இங்கேயே விளைத்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்றால், அதற்கும் முயற்சி நடந்தது. கந்தளாய், ஹிங்குராண, பெல்வத்த, செவனகல என்று ஆலைகள் வந்தன. கந்தளாய் ஆலை 1990களில் மூடப்பட்டு, யந்திரங்கள் துருவேறிக் கிடந்தன. பனையையும் சிலர் சொல்வார்கள். பனங்கட்டி நல்ல பண்டந்தான். ஆனால் நிறமும் மணமும் கலந்து, பருவத்துக்குப் பருவம் தரம் மாறி, காற்றுப் பட்டால் கசியும் பாகிலிருந்து கண்ணாடிபோன்ற டொபியை ஆயிரக்கணக்கில் ஒரே அளவில் வார்ப்பது நடக்காத காரியம். 1978இல் பனை அபிவிருத்திச் சபை தோன்றிய பின்னரும் பனையின் இனிப்பு தன் வழியே தனியாகப் போனது. தீர்வைப் பட்டியலின் சீனி வழியை அது குறுக்கறுக்கவே இல்லை.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான ஆட்சேபம் 1977தான். அந்த நவம்பரில் நாணய மாற்று விகிதங்கள் ஒன்றாக்கப்பட்டு, டொலர் 16 ரூபா என்றானது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பெருமளவில் தளர்ந்தன. வெளிநாட்டு இனிப்பு திரும்பவும் வந்தது. பள்ளம் தூர்ந்தது என்றால் உள்ளூர் டொபியும் வெங்காயம் போலவே விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. உள்ளூர் இனிப்பு நிறுவனங்கள் நின்று பிடித்தன. சில பெரிதாக வளர்ந்தன. ஆகவே தீர்வையைவிடப் பெயரும் பழகிய ருசியும் பெரிதல்லவா என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு ஒரு பகுதியை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பதினைந்து வருடம் வேறு டொபியே காணாமல் வளர்ந்த பிள்ளைகள் அப்போது பெற்றோராகிவிட்டார்கள். கைக்குப் பழகிய தாளை அவர்கள் தேடி வாங்கினார்கள். ஆனால் அந்தப் பழக்கத்தை உண்டாக்கியதே முன்னைய பள்ளம். தவிர, பள்ளம் முழுதாகத் தூர்ந்துவிடவும் இல்லை. தடை போய் வரி வந்தது. முடிந்த பொருளுக்கு அதிக வரி, மூலப்பொருளுக்குக் குறைந்த வரி என்ற படிக்கட்டு அமைப்பு 1977க்குப் பிறகும் தொடர்ந்தது. பிறகு அதன்மேல் செஸ் வரியும் ஏறியது. சீனி அப்போது தாராளமாகவே வந்தது. உள்ளூர் டொபிக்காரருக்கு 1974தான் பஞ்சகாலம். திறந்த பொருளாதாரம் அவருடைய சீனி மூட்டையைத்தான் முதலில் விடுவித்தது. வாசல் திறந்தது என்று பொதுவாகச் சொல்லும்போது எந்த வாசல் என்று கேட்க நாம் மறந்துவிடுகிறோம்.

உள்ளூர்க்காரருக்கு இன்னொரு சாதகமும் இருந்தது. அது சில்லறைக் காசு. டொபி ஒன்றின் விலை ஒரு நாணயமாக இருக்க வேண்டும். இரண்டு டொபி மூன்று ரூபா என்று எழுதினால் சந்திக் கடையில் வியாபாரம் நடக்காது. ஒன்று வாங்கும் பிள்ளைக்கு மீதி கொடுக்க அங்கே காசு இருக்காது. மாறாக, மீதிக் காசுக்குப் பதிலாக டொபியைக் கையில் வைப்பதுதான் இந்த நாட்டுக் கடைகளின் வழக்கம். பலருடைய வீட்டுக்கு டொபி அப்படித்தான் வந்து சேர்ந்திருக்கும், கேட்டு வாங்காமலே. ரூபாவின் மதிப்பு இறங்கும்போது இறக்குமதியாளரின் அடக்கவிலை அன்றைக்கே ஏறும். ஆனால் அவர் கொண்டுவந்த டொபியின் எடையை அவரால் மாற்ற முடியாது. அது எங்கோ வேறொரு நாட்டு நாணயத்துக்காக அளவிடப்பட்ட எடை. உள்ளூர்க்காரர் உருளையின் அச்சை மாற்றி 5 கிராமை 4 கிராமாக்கிவிடுவார். விலை அதே நாணயமாக இருக்கும். பெரிய சந்தையின் உற்பத்தியாளன் தன் நாட்டுக் காசுக்கு ஏற்பச் செய்வான். தமிழ்நாட்டின் நெல்லிக்குப்பத்தில் கரும்பு வயலுக்கும் சீனி ஆலைக்கும் அருகிலேயே இனிப்புச் செய்த பாரி நிறுவனத்துக்கு இலங்கையின் ஒரு ரூபா நாணயத்தைப் பற்றி யோசிக்கக் காரணமே இல்லை. அதன் 1701உம் 1704உம் ஒரே வளவுக்குள் இருந்தன.

வடக்குக்குத் தனியாக ஒரு சுங்கம் இருந்தது. அதை எந்தத் தீர்வைப் பட்டியலும் காட்டாது. 1990இல் இரண்டாவது ஈழப்போர் தொடங்கியதும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குப் பொருள்கள் போவது தடைசெய்யப்பட்டது அல்லது அளந்து விடப்பட்டது. தாண்டிக்குளத்துச் சோதனைச் சாவடி, பிறகு கொம்படி–ஊரியான் சேற்று வழி, கிளாலி நீரேரியைக் கடக்கும் படகு என்று ஒவ்வொரு படியிலும் ஒரு விலை ஏறியது. சீனி அரும்பொருளானது, வெறுந்தேநீரோடு பனங்கட்டியைக் கடித்துக் குடிப்பது யாழ்ப்பாணத்து வீடுகளில் மறுபடி அன்றாடமானது. தெற்கிலே ‘உள்ளூர்’ என்று பெயர் பெற்ற டொபி, கிளாலிக்கு இக்கரையில் முழு இறக்குமதிப் பண்டம். சிறிய தேசியச் சந்தை என்று நாம் பேசுவது அந்த ஆண்டுகளில் இரண்டு சந்தைகளாக இருந்தது என்பதை மறந்து எழுதப்படும் எந்தக் கணக்கும் பாதிக் கணக்கே. 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்ததும் தெற்கிலிருந்து லொறிகள் வரிசையாக வந்தன. போருக்குள் பிறந்த பிள்ளைகள் பிஸ்கற்றையும் டொபியையும் கொழும்பு விலையை ஒட்டிய விலையில் முதன்முதலாகக் கண்டார்கள்.

இன்றைய இறக்குமதி இனிப்பின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் அதில் அதிகம் நடப்பது காகிதத்தில்தான். இந்தியா, மலேசியா, இந்தோனேசியா முதலிய நாடுகளின் இனிப்புகள் சுப்பர் மார்க்கற் அடுக்குகளில் பைக்கற்றாக நிற்கின்றன. 1980இன் உணவுச் சட்டமும் அதன் கீழ் வந்த விவரத்துண்டு ஒழுங்குவிதிகளும் இறக்குமதியாளரின் பெயர் முகவரி, உற்பத்தி செய்த நாடு, தொகுதி இலக்கம், திகதிகள் எல்லாம் உறையில் இருக்க வேண்டும் என்கின்றன. வெளிநாட்டு உறையில் அதற்கு இடமில்லாததால் ஒரு வெள்ளைத் துண்டை மேலே ஒட்டுகிறார்கள். துறைமுகத்துக்கு வரும்போது ஆயுட்காலத்தில் குறைந்தது நூற்றுக்கு 60 பங்கு மிச்சமிருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. பாற்பண்டக்காரருக்கு அது தலைவலி. இரண்டு வருடம் தாங்கும் டொபிக்குப் பொருட்டே இல்லை. சின்னச் சந்தையாய் இருப்பதே இத்தனை சிக்கலுக்கும் காரணம் என்று சிலர் சொல்வார்கள். சிங்கப்பூர் இதைவிடச் சிறியது. அங்கே இனிப்பு உள்ளே வருவதும் வெளியே போவதும் துறைமுகத்தின் அன்றாடத் தொழில். செலாவணிக்கு அவர்கள் டொபியை எண்ணுவதில்லை. சிறுமை மட்டும் இருந்தால் இறக்குமதியாளருக்குக் கடன் நீளும், அவ்வளவுதான். சிறுமையோடு டொலர்ப் பஞ்சமும் சேரும்போதுதான் 1704 அரசாங்கத்தின் கண்ணில் படுகிறது.

அப்படி அது கண்ணில் பட்ட அண்மைக் காலம் எல்லோருக்கும் தெரியும். 2020 முதல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் திரும்பி வந்தன. 2022 ஓகஸ்டில் சொக்கலேட், வாசனைத் திரவியம், ஷாம்பு உட்பட 300 வகைப் பொருள்களின் இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. 1969இன் சட்டம் அதற்கும் போதுமானதாக இருந்தது. இதே காலத்தில் 1701இன் பக்கம் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. 2020 ஒக்டோபர் 13 அன்று சீனி கிலோ ஒன்றுக்கான விசேட வியாபாரப் பண்ட அறவீடு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. கடை விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை; இலாபம் யாருக்குப் போனது என்பது பாராளுமன்றத்திலும் ஊடகங்களிலும் பெரிய விவகாரமானது. அந்த விவகாரம் முழுவதிலும் பேசப்பட்டது தேநீர்ச் சீனியும் திறைசேரியின் இழப்பும். டொபிக்காரரின் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1704 இறுக்கப்பட்ட அதே பருவத்தில் 1701இன் வரி ஏறக்குறைய இல்லாமற் போனது என்பது, காகிதத்தின்படி, 1960களின் நடுப்பகுதிக்குப் பிறகு உள்ளூர் டொபிக்குக் கிடைத்த ஆழமான பள்ளம். அதன் நன்மையை 2022இன் நாணயச் சரிவு தின்றுவிட்டது: 200 ரூபாவாகப் பிடித்து வைக்கப்பட்டிருந்த டொலர் சில வாரங்களில் 360ஐ அண்மித்தது, அவ்வருடம் செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆனது. பள்ளத்தை வெட்டுகிறவர் ஓர் அமைச்சில் இருக்கிறார், நிரப்புகிறவர் மத்திய வங்கியில் இருக்கிறார், இருவரும் டொபியை நினைத்து எதையும் செய்வதில்லை.

2023 ஜூனில் கட்டுப்பாடுகள் பல தளர்ந்தன. அதே வருடம் நவம்பர் தொடக்கத்தில் சீனி அறவீடு மறுபடி 25 சதத்திலிருந்து 50 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஒரு பக்கம் இறக்குமதிப் பண்டங்களுக்கு வழி அகல, மறுபக்கம் உள்ளூர்ப் பட்டறையின் சீனி மூட்டைக்கு வரி ஏறியது. வெளிநாட்டில் காய்ச்சி வந்த டொபிக்குள் இருக்கும் சீனிக்கு இந்த அறவீடு கிடையாது. அதற்கு இனிப்புக்குரிய வரிகள் மட்டுந்தான். பள்ளம் எவ்வளவு குறுகியது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். 4 கிராம் டொபியில் நூற்றுக்கு 60 பங்கு சீனி என்றால் 2.4 கிராம். கிலோவுக்கு 50 ரூபா அறவீடு அந்த 2.4 கிராமுக்கு 12 சதம். பத்துத் தொன்னுக்கு 3 இலட்சம் ரூபா. சதக் காசு எதுவும் இன்று கடையில் புழங்குவதில்லை. ஆகவே அந்த 12 சதத்தை டொபியின் விலையில் ஏற்ற வழியில்லை. உருளையின் அச்சைச் சுருக்கி எடையில் கழிக்கலாம், கடைக்காரரின் கழிவில் கைவைக்கலாம், சீனியைக் குறைத்துக் குளுக்கோஸைக் கூட்டலாம். குளுக்கோஸ் 1702, அதற்கான வரி வேறு.